தென் பெருங்கடலுக்கு ஏட்டில் ஓர் இடம்: இந்தியத் தலைமை ஹைட்ரோகிராபருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை ஹைட்ரோகிராபர் அவர்கள்,
தேசிய ஹைட்ரோகிராபிக் அலுவலகம்,
டேராடூன்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் தென் பெருங்கடலுக்கு, உலகக் கடல்களின் அதிகாரபூர்வ ஏட்டில் இன்றுவரை இடம் இல்லை. அந்த ஏட்டை வைத்திருப்பது, கடல் அளவைக்கும் கடல்வரைபடங்களுக்குமான, மொனாக்கோவில் உள்ள சர்வதேச ஹைட்ரோகிராபிக் அமைப்பு. அங்கே இந்தியாவின் சார்பில் பேசுவது உங்கள் அலுவலகம். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். அமைப்பின் பேரவையில் இந்தியா இந்த விஷயத்தை எழுப்பி, அந்தக் கடலின் பெயரையும் எல்லையையும் தனித் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். என் முக்கியக் கோரிக்கை இதுதான்.

நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன். கடலோடி அல்ல. உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் இது திறந்த மடல் என்பதால், படிக்கப்போகும் மற்றவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

'பெருங்கடல்கள் மற்றும் கடல்களின் எல்லைகள்' என்ற அந்த ஏட்டின் முதல் பதிப்பு 1928இல் வந்தது. அதில் தென் பெருங்கடல் இருந்தது. அதன் வடக்கு எல்லை நிலத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது: தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை, ஆப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் முனை, அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் தென்கரை, நியூசிலாந்து. 1937இல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த எல்லையைத் தெற்கே நகர்த்தியது. 1953இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது கடலையே காணோம். நீக்கியதற்கு அந்தப் பதிப்பு ஒரு குறிப்பும் தந்தது. இந்த நீர்ப்பரப்பைப் பெருங்கடல் என்று அழைக்கப் போதிய நியாயம் இல்லை என்பது பெரும்பான்மைக் கருத்து. அதன் வடக்கு எல்லை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கோடு போடுவது கடினம். எனவே அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல்கள் மூன்றும் அண்டார்க்டிகாவின் கரைவரை நீட்டப்படுகின்றன. அந்தப் பகுதிக்குத் தனி வெளியீடு போடும் நாடுகள் தங்கள் வசதிப்படி எல்லை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிரிட்டன் அப்போது 55 டிகிரி தென் அட்சத்தை வைத்துக்கொண்டிருந்தது.

அந்த 1953ஆம் ஆண்டுப் பதிப்புதான் இன்றும் செல்லுபடியாகும் கடைசிப் பதிப்பு. எவரெஸ்டில் மனிதன் முதன்முதலாகக் கால்வைத்த ஆண்டு அது. செயற்கைக்கோள் ஒன்றுகூட வானில் இல்லாத காலம். உறைபனி எதுவரை பரவுகிறது என்பதைக் கப்பல் மாலுமிகளின் குறிப்பேடுகளிலிருந்து தொகுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, எல்லை மாறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. இன்று நமக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அந்தப் பக்கத்தைத் திருத்தாமல் வைத்திருக்கிறோமே, அதுதான் வருத்தம்.

இன்று தெரிவது என்ன? இந்தக் கடலுக்கு மற்ற நான்கைப் போலக் கரைகளால் ஆன வடிவம் கிடையாது. தண்ணீரால் ஆன வடிவம் உண்டு. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்கா அண்டார்க்டிகாவை விட்டு விலகி, இடையே டிரேக் நீர்வழி ஆழமாகத் திறந்தது. அதன்பின் மேலைக்காற்று தள்ள, எந்த நிலமும் தடுக்காமல் பூமியை முழுச்சுற்றுச் சுற்றிவரும் ஒரே நீரோட்டம் உருவானது. அண்டார்க்டிக் சுற்றுத்துருவ நீரோட்டம் என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். டிரேக் வழியாக நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்கும் அதிகமான தண்ணீர் கடக்கிறது. கங்கை, அமேசான், காங்கோ என்று உலகின் ஆறுகள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இதில் நூறில் ஒரு பங்குகூட வராது. மேற்பரப்போடு நின்றுவிடும் ஓட்டமும் அல்ல இது. கடலடிவரை இறங்கி ஓடுகிறது. தெற்கே இருக்கும் கண்டத்தை வெப்ப நீரிலிருந்து விலக்கி வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லையையும் கப்பலின் மேல்தளத்தில் நின்றே உணர முடியும் என்கிறார்கள் போய்வந்தவர்கள். தெற்கே போகப் போக வெப்பமானி மெல்ல மெல்ல இறங்கும். ஓரிடத்தில், சில பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குள், கடல்நீரின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி சடாரென்று விழும். மூடுபனி கவியும். கூடவே பறந்துவந்த கடற்பறவைகள் குறைந்து வேறு இனங்கள் தென்படும். வடக்கு நோக்கி வரும் குளிர்ந்த அண்டார்க்டிக் நீர், சற்று வெதுவெதுப்பான நீருக்கு அடியில் அமிழும் இடம் அது. கடலாய்வாளர்கள் அண்டார்க்டிக் கன்வர்ஜென்ஸ் என்பார்கள். தெற்கே இறால் போன்ற சிற்றுயிரான கிரில் கூட்டம் கூட்டமாகத் திரியும். அதை நம்பித் திமிங்கிலமும் பெங்குவினும் சீலும் வாழும். வடக்கே வேறு உலகம். ஆண்டுக்கு ஆண்டு இந்த வளையம் கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ நெளியும் என்பது உண்மைதான். ஆனால் 1953இல் பயந்த அளவுக்கு அது அலைவதில்லை. பருவத்தோடு பெரிதாக விரிந்து சுருங்குவது உறைபனிதான்: பிப்ரவரியில் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் இருப்பது செப்டம்பரில் 180 லட்சத்தைத் தாண்டும். உறைபனியின் விளிம்பு வேறு, கடலின் விளிம்பு வேறு.

இதை நாடுகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கின்றன. அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்புக்கான 1980ஆம் ஆண்டு ஒப்பந்தம் தன் எல்லையை இந்த நீர்ச்சந்திப்பை ஒட்டியே வைத்தது. வளைந்து நெளியும் வளையத்தைப் படத்தில் எப்படிப் போடுவது? அட்லாண்டிக் பக்கம் 50 டிகிரி. ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே, 30 முதல் 80 டிகிரி கிழக்குவரை, 45 டிகிரி. ஆஸ்திரேலியாவுக்குக் கீழே 55. பசிபிக் பக்கம் 60. படிக்கட்டு போல நேர்கோடுகளாக இறங்குகிறது அந்த எல்லை. மீன்பிடிக் கப்பல்கள் அதைப் பார்த்து நடக்கின்றன. கோடு போட முடியாது என்று 1953இல் சொன்ன இடத்தில் கோடு போட்டுக் காட்டியாயிற்று. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் உறுப்பினர்.

பிறகு ஏன் ஏடு திருந்தவில்லை? 2000இல் அமைப்பு உறுப்பு நாடுகளிடம் கருத்துக் கேட்டது. 68 நாடுகளில் 28 பதில் அனுப்பின. ஒரே ஒரு நாட்டைத் தவிர மற்ற எல்லாமே இந்தக் கடலை மீண்டும் வரையறுக்கச் சம்மதித்தன. 18 நாடுகள் 'தென் பெருங்கடல்' என்ற பெயரையே விரும்பின; 'அண்டார்க்டிக் பெருங்கடல்' பின்தங்கியது. எல்லையில் மட்டும் ஒற்றுமை இல்லை. பாதிப் பேர் 60 டிகிரி என்றார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் 50 அல்லது அதற்கும் வடக்கே. தன் தென்கரை முழுவதையும் தொடுவது தென் பெருங்கடலே என்பது ஆஸ்திரேலியாவின் நிலை. அடிலெய்டில் கடற்கரைக்குப் போகிறவர் தென் பெருங்கடலில்தான் கால் நனைப்பதாகச் சொல்வார். எப்படியோ, 2002இல் 60 டிகிரி என்ற எல்லையோடு நான்காம் பதிப்பின் வரைவு தயாரானது.

அந்த வரைவு நின்றுபோனது தென் பெருங்கடலால் அல்ல. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே உள்ள கடலை 'ஜப்பான் கடல்' என்று மட்டும் எழுதுவதா, 'கிழக்குக் கடல்' என்றும் சேர்த்து எழுதுவதா என்ற சச்சரவால். வரைவில் அந்தக் கடலுக்கான பக்கங்களை வெற்றாக விட்டு வாக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காலனி ஆதிக்கத்தின் காயம் அந்தச் சச்சரவின் பின்னால் இருக்கிறது. அதை இலேசாக எண்ண எனக்கு உரிமை இல்லை. ஆனால் உலகின் ஒரு மூலையில் தீராத வழக்கு, பூமியின் அடிப்பாகத்தில் ஏறக்குறைய யாரும் எதிர்க்காத ஒரு பெயரையும் சேர்த்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிப்போட்டிருக்கிறது. முழு நூலும் ஒன்றாகத்தான் வெளிவர வேண்டும் என்ற நடைமுறையே இங்கே முட்டுக்கட்டை. இரண்டையும் பிரித்துவிட்டால் தென் பெருங்கடல் தானாக முன்னே நகரும்.

2020 நவம்பரில் பேரவை ஒரு வழி கண்டது: கடல்களுக்குப் பெயருக்குப் பதிலாகத் தனித்தனி எண் கொடுத்து, எஸ்-130 என்ற புதிய டிஜிட்டல் தரவுத்தொகுப்பை உருவாக்குவது, பழைய ஏட்டைக் காகிதக் காலத்திலிருந்து டிஜிட்டல் காலத்துக்கு வந்த வழியின் சான்றாக வைத்துக்கொள்வது. சச்சரவிலிருந்து வெளியே வர நல்ல தந்திரம் என்று பாராட்டியவர்கள் உண்டு. மின்னணுக் கடல்வரைபடத்துக்கு எண் போதும். மனிதர்களுக்குப் போதாது. புயல் எச்சரிக்கையிலும் ஒப்பந்தத்திலும் பாடநூலிலும் கடலைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம். சச்சரவுள்ள கடலுக்கு எண் கொடுத்து ஒதுங்குவது புரிகிறது. பெயரில் பெரிய சச்சரவு இல்லாத கடலுக்கும் ஏன் அதே கதி?

அமைப்பு காத்திருக்கும்போது உலகம் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் புவியியல் பெயர் வாரியம் 1999இலேயே இந்தப் பெயரை ஏற்றது. நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனம் 2021 ஜூன் 8 அன்று, உலகப் பெருங்கடல் நாளில், தன் வரைபடங்களில் ஐந்தாவது பெருங்கடலைச் சேர்த்தது. எங்கள் ஆறாம் வகுப்புப் பாடநூலும் ஐந்து என்றே சொல்கிறது. பிள்ளைகளிடம் நானும் ஐந்து என்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியில் சுவரில் தொங்கும் பழைய உலகப் படத்தில் 'இந்தியப் பெருங்கடல்' என்ற எழுத்துகள் அகலமாக விரிந்து, அண்டார்க்டிகாவின் வெள்ளை விளிம்புவரை அதே நீலம் போகிறது. ஒரு மாணவி அந்த விளிம்பில் விரலை வைத்து, "இதுவும் நம்ம கடல்தானா சார்?" என்று கேட்டாள். 1953ஆம் ஆண்டு ஏட்டின்படி, ஆம். அவள் கையில் இருக்கும் பாடநூலின்படி, இல்லை.

அவள் விரல் வைத்த இடத்துக்கு அருகில்தான் நம் பாரதி ஆய்வு நிலையம் இருக்கிறது. லார்ஸ்மன் குன்றுகளில், 69 டிகிரி தென் அட்சத்தில், 2012 முதல் இயங்குகிறது. வாசலில் நின்றால் பனிப்பாறை மிதக்கும் கடல் தெரியும். இன்றைய ஏட்டின்படி அது இந்தியப் பெருங்கடலின் கரை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். நம் நாட்டின் பெயர் தாங்கிய கடல் அண்டார்க்டிகாவரை நீள்வது நமக்குப் பெருமைதானே, அதை நாமே ஏன் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பதில் இது: பெயரால் நமக்கு அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சொந்தமாவதில்லை. 60 டிகிரிக்குத் தெற்கே 1959ஆம் ஆண்டு அண்டார்க்டிக் உடன்படிக்கைதான் நடைமுறையில் இருக்கிறது. 1983இல் இந்தியா அதில் சேர்ந்தது. 2022இல் அதற்கேற்ப நாடாளுமன்றம் இந்திய அண்டார்க்டிக் சட்டத்தை நிறைவேற்றியது. 2024இல் உடன்படிக்கை நாடுகளின் கூட்டத்தைக் கொச்சியில் நடத்தினோம். அங்கே நம் குரலுக்கு மதிப்பு நாம் செய்த ஆய்வால் வந்தது. தென்பகுதியைக் கொடுத்த பிறகும் இந்தியப் பெருங்கடல் ஏறக்குறைய 7 கோடி சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் மூன்றாவது பெருங்கடலாகவே இருக்கும். தன் பெயரிலிருந்து ஒரு பகுதியை விட்டுத்தரும் நாடே இந்தக் கோரிக்கையை வைத்தால், அதில் சுயநலம் இருப்பதாக எவரும் சொல்ல முடியாது. இந்தியா முன்னால் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் அரசும் அறிவியல் துறையில் இந்தப் பெயரை எப்போதோ ஏற்றுவிட்டது. கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் 2004 முதல் 'தென் பெருங்கடல் ஆய்வுப் பயணம்' என்ற பெயரிலேயே கப்பல்களை அனுப்புகிறது. அதே மையத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்த கடலடி மலைகளுக்கும் முகடுகளுக்கும் இந்தியா பெயர் முன்மொழிந்தது. 2024இல் அசோகா கடல்மலை, சந்திரகுப்த் முகடு, கல்பதரு முகடு என்ற மூன்று பெயர்கள் ஏற்கப்பட்டன. ஏற்றுக்கொண்டவர்கள் யார்? யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் இதே சர்வதேச ஹைட்ரோகிராபிக் அமைப்பும். அந்த மையம் கண்டுபிடித்த கடலடிக் குன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதன் ஆய்வுப் பயணத்தின் தலைப்பில் இருக்கும் பெருங்கடலுக்குக் கிடைக்கவில்லை.

எல்லை என்பது எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு இன்னொன்று. தென் சாண்ட்விச் அகழி அட்லாண்டிக்கில் தொடங்கித் தெற்கே வளைகிறது. அதன் ஆக ஆழமான இடம் 55 டிகிரியில், 8,200 மீட்டருக்கும் கீழே. அகழியின் தென்கோடி மட்டும் 60 டிகிரியைத் தாண்டுகிறது. 2019இல் ஐந்து பெருங்கடல்களின் அடிமட்டத்தையும் தொடக் கிளம்பிய அமெரிக்க ஆழ்கடல் பயணி விக்டர் வெஸ்கோவோ, தென் பெருங்கடலுக்காக இந்தத் தென்கோடியில்தான் இறங்கினார். 7,430 மீட்டர் அளவு. எல்லைக்கோட்டை ஐந்து டிகிரி வடக்கே போட்டால் அந்தக் கடலின் ஆழமே வேறு எண்ணாகிவிடும். பரப்பளவும் அப்படித்தான். உறைபனி 2023 செப்டம்பரில் 170 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழேயே நின்று, செயற்கைக்கோள் பதிவுகளில் இல்லாத வீழ்ச்சியைக் காட்டியது. கடல்கள் உள்வாங்கும் மனிதக் கரியமில வாயுவில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தத் தென் நீரில் இறங்குகிறது என்று மதிப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட கணக்குகளுக்கு ஆளுக்கொரு எல்லை வைத்துக்கொண்டால், ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முதலில் வரைபடத்தைத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

நம் கரைக்கும் இதில் சங்கதி இருக்கிறது. குமரி, கேரளக் கடலோரத்து மக்கள் கள்ளக்கடல் என்று ஒன்றைச் சொல்வார்கள். வானம் வெளுத்திருக்கும், காற்று இருக்காது, புயல் செய்தியும் இருக்காது. கடல் மட்டும் திடீரென்று பொங்கி ஊருக்குள் வரும். தென் அட்சங்களில் வீசிய புயல்காற்று கிளப்பிய நெடும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து பல நாள் கழித்து நம் மணலைத் தொடுவதுதான் அது. மீனவர் வாய்ச்சொல்லான அந்தப் பெயரை 2012இல் யுனெஸ்கோ ஏற்றது. 2024 மே மாதம், கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில், குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அலைக்கு இரையானார்கள். கர்ஜிக்கும் நாற்பதுகள், சீறும் ஐம்பதுகள் என்று மாலுமிகள் அழைக்கும் அந்தக் காற்று வட்டத்தைப் பற்றி நம் கடலோரப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்லித் தர விரும்புகிறேன். நம் பக்கத்து நாற்பதுகள் 60 டிகிரிக் கோட்டின்படியும் படிக்கட்டுக் கோட்டின்படியும் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலுக்குள்தான் வரும். ஆனால் அங்கே காற்றும் அலையும் தெற்கத்திச் சுற்றோட்டத்தோடு பிணைந்தவை. 60 டிகிரியில் வெட்டிவிட்டால் அந்தப் பிணைப்பு படத்தில் தெரியாமல் போய்விடும்.

ஆகவே எல்லை பற்றி என் கருத்தையும் பதிவு செய்கிறேன். 60 டிகிரி வசதியான கோடு. உடன்படிக்கையும் அதைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் சுற்றுத்துருவ நீரோட்டத்தின் பெரும்பகுதி அதற்கு வடக்கே ஓடுகிறது. 1980ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் படிக்கட்டுக் கோடு தண்ணீருக்கு நெருக்கமானது. என்னைக் கேட்டால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் உடன்பாடு வராவிட்டால் 60 டிகிரியையே ஏற்கலாம். எல்லையில் இழுபறி வந்தால்கூடப் பெயரை அதற்காக நிறுத்திவைக்கக் கூடாது.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி பாய்மரப்படகில் கிளம்பி, ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். டிரேக் நீர்வழியின் அலையை உங்கள் கடற்படையின் இரண்டு பெண்கள் தங்கள் கையால் சுக்கான் பிடித்துக் கடந்திருக்கிறார்கள். அவர்கள் கடந்த நீரைப் பற்றி மொனாக்கோவில் பேசும் தகுதி இந்தியாவுக்கு உண்டு.

உங்களிடம் குறிப்பாகக் கேட்பது: 2000இல் நடந்த கருத்துக்கேட்புக்கு இந்தியா பதில் அனுப்பியதா, அனுப்பியிருந்தால் பெயருக்கும் எல்லைக்கும் என்ன சொன்னோம் என்பதை வெளியிடுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் பேரவையில், தென் பெருங்கடலை மற்ற திருத்தங்களிலிருந்து பிரித்துத் தனித் தீர்மானமாக முன்மொழியுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, சிலி நாடுகளின் அலுவலகங்களோடு முன்கூட்டியே பேசி, இணைந்து கையெழுத்திடக் கேளுங்கள். எஸ்-130 தொகுப்பில் இந்தக் கடலின் எண்ணுக்குப் பக்கத்தில் பெயரையும் பதிய வழி செய்யுங்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கருத்து தேவைப்பட்டால் எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பாடம் நடத்துகிறவர்கள் பலர் பதில் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு பள்ளிப் புவியியல் ஆசிரியர்